பாரில் சண்டை ஏன் ஓய்ந்தது? – வாசகர் கேள்வி பதில்

பவளம் வெளுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மும்பையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பவளத்தை விட்டுவிட்டு மீனைப் பற்றியே கேட்டன. கடல் சூடேறும்போது பாரில், அதாவது பவளப்பாறைத் திட்டில், வாழும் மீன் என்ன செய்கிறது, எப்படி மாறுகிறது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மே மாதம் 35 டிகிரி வெயிலில் நாங்களே லோக்கலில் போய் வருகிறோம். கடல் ஒரு டிகிரி கூடினால் மீனுக்கு அப்படி என்ன கஷ்டம் என்று எட்டாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள். என்ன சொல்ல?
– வாசகி, மாட்டுங்கா

வெளியே 35 இருந்தாலும் 20 இருந்தாலும் உங்கள் மகளின் உடம்புக்குள் 37தான். வேர்த்தும் நடுங்கியும் உடம்பு அதைக் காப்பாற்றிக்கொள்கிறது. சூரை போன்ற சிலவற்றைத் தவிர மீன்களுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரின் சூடுதான் உடம்பின் சூடு. ஆகவே வெயிலோடு ஒப்பிடாமல் ஜுரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

சூடு கூடினால் மீன் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. உடம்பு சும்மா ஓடுவதற்கே அதிக ஆக்சிஜன் கேட்கிறது. பொதுவாக 10 டிகிரி ஏறினால் அந்தத் தேவை இரண்டு மடங்குக்குக் குறையாமல் கூடும். அதே நேரம் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் அதிகபட்சம் 6.8 மில்லிகிராம் அளவுக்குத் தாங்கும்; 30 டிகிரியில் 6.2. நாம் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், மீன் எவ்வளவு சிக்கனத்தில் மூச்சு விடுகிறது என்பது அவளுக்குப் புரியும்.

ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கார்டினல் மீன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அங்கே கோடைச் சூடு 29 டிகிரி. 31 டிகிரியில் வைத்தபோது, நீந்தவும் தப்பியோடவும் கூடுதலாக ஆக்சிஜன் எடுக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 33 டிகிரியில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. உயிர் இருக்கும், ஆனால் துரத்தினால் ஓட முடியாது. அதே சோதனையில் டாம்செல் மீன்கள் பாதிக்கு மேல் திறனைத் தக்கவைத்துக்கொண்டன. எனவே 'மீன்' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மீன் என்று கேட்பதுதான் சரி.

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950க்கும் 2020க்கும் இடையில் சுமார் 1.2 டிகிரி சூடேறியிருப்பதாகப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் மீன்கள் ஏற்கெனவே தங்கள் எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. அவற்றுக்கு 1.2 டிகிரி சின்ன எண் இல்லை.

அந்தமானில் ஸ்நார்கெலிங் போனபோது பவளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஒன்றையொன்று துரத்தாமல் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சூட்டுக்குப் பழகிவிட்டன என்றார் கூட வந்தவர். உண்மையா?
– வாசகர், செம்பூர்

இல்லை. நீங்கள் பார்த்தது அநேகமாகப் பசியின் அடையாளம்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, உயிருள்ள பவளத்தின் மொட்டுகளைக் கொத்தித் தின்றே வாழ்பவை. அவை பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். தங்களுக்கென்று ஒரு துண்டுப் பாரை வைத்துக்கொண்டு, வேறு ஜோடி வந்தால் தலையைத் தாழ்த்தி, முதுகு முட்களை விறைத்து நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் துரத்தும். நல்ல பாரில் இது நாள் முழுக்க நடக்கிற வேலை.

ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கிறிஸ்துமஸ் தீவு ஆகிய இடங்களில் 17 பார்களில் 38 வகை வண்ணத்துப்பூச்சி மீன்களின் இந்தச் சண்டைகளை ஒரு குழு எண்ணிக்கொண்டிருந்தது. வேலை நடுவில் இருக்கும்போதே 2016ஆம் ஆண்டின் பெரிய வெளுப்பு வந்துவிட்டது. அதனால் அதே பார்களில் முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. வெளுப்புக்குப் பிறகு சண்டைகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தன. அவை விரும்பித் தின்னும் மான்கொம்புப் பவளம்தான் முதலில் செத்துப்போகும் வகை. சாப்பாடு இருந்தால் அதற்காகச் சண்டை போடுவதில் லாபம் உண்டு. சாப்பாடே இல்லாத இடத்தைக் காக்கச் சக்தியைச் செலவழிப்பது நஷ்டம். மீன் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று 5 நிமிடம் பின்தொடருங்கள். எத்தனை முறை கொத்துகிறது, எந்தப் பவளத்தைக் கொத்துகிறது, எத்தனை முறை துரத்துகிறது என்று மட்டும் எண்ணுங்கள். நெருங்கிப் போனால் மீன் உங்களிடமிருந்து விலகுவதையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

பவளத்தையும் கவனியுங்கள். வெள்ளையாக இருப்பது செத்த பவளம் இல்லை. உள்ளே குடியிருந்த நுண்பாசி வெளியேறியதால் தசை கண்ணாடி போலாகி, அடியில் இருக்கும் எலும்புக்கூடு தெரிகிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் கடல் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் தசை அழிந்து, மேலே பச்சையும் பழுப்புமாகப் பாசி மயிர் போல் படரும். அதுதான் சாவு. அந்தப் பாசி படர்ந்ததும் கிளி மீன்கள் பெருகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரிலும் சாகோஸ் தீவுகளிலும் கடுமையாக வெளுத்த இடங்களில் அவை 2 முதல் 8 மடங்கு கூடின. ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவும் இருந்தன. கூட்டமாகக் கிளி மீனைப் பார்த்து, பார் செழித்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் அவை பாசியைச் சுரண்டித் தின்பதால்தான் புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அவற்றைப் பிடிக்காமல் விடுவது பாருக்குச் செய்கிற பெரிய உதவி.

எங்கள் ஊர் வேம்பார் பக்கம். களவா மீன் பார் இடுக்கை விட்டு நகராது, போட்ட இடத்தில் தூண்டில் போட்டால் கிடைக்கும் என்பார் தாத்தா. இப்போது அது அலைந்து திரிகிறது என்கிறார் சித்தப்பா. கடல் சூடுதான் காரணமா?
– வாசகர், தாராவி

சித்தப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. லட்சத்தீவில் புள்ளிக் களவாவை வைத்து இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 1998, 2010, 2016 என மூன்று முறை கடுமையாக வெளுத்த பார்கள் அவை. 1998இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022இல் 19 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது.

பவளம் செத்த உடனே களவாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அது பவளத்தைத் தின்பதில்லை. செத்த எலும்புக்கூட்டை அலையும் துளைக்கும் உயிர்களும் சேர்ந்து சில வருடங்களில் நொறுக்குகின்றன. மேடும் பள்ளமும் பொந்துமாக இருந்த பார் தட்டையாகிறது. பொந்தில் பதுங்கி, சின்ன மீன் கிட்டே வந்ததும் பாய்ந்து பிடிப்பதுதான் களவாவின் வழக்கம். பதுங்க இடமில்லாவிட்டால் அந்த வித்தை பலிக்காது. தட்டையான பார்களில் புள்ளிக் களவா பதுங்குவதைக் குறைத்துக்கொண்டு, பெரிய பரப்பைச் சுற்றி இரை தேடுகிறது. தின்னும் இரை பெரிதாக மாறவில்லை. பிடிக்கும் முறைதான் மாறியது. அதனால்தான் அங்கே அந்த மீனின் எண்ணிக்கை சரியாமல் நிற்கிறது. எல்லாக் களவா வகைக்கும் இந்தச் சாமர்த்தியம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சூடு நேராகவும் வேலை செய்கிறது. பெருந்தடுப்புப் பாரின் சிவப்புக் களவா, தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது நீந்துவதைக் குறைத்துக்கொண்டு அடியில் படுத்துக் கிடக்கிறது. ஆக, பார் தட்டையானால் அலைச்சல் கூடும். அன்றைய சூடு ஏறினால் அலைச்சல் குறையும். சித்தப்பாவிடம் எந்த மாதம், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம், அடியில் பார் எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் 'அலைகிறது' என்ற சொல் மட்டும் பாதிச் செய்திதான்.

உங்கள் வேம்பாரை ஒட்டிய மன்னார் வளைகுடாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி அள்ளியிருக்கிறார்கள். 2010, 2016 வெளுப்புகள் வருவதற்கு முன்பே பல இடங்களில் பார் தட்டையாகியிருந்தது. பழி முழுவதையும் சூட்டின் தலையில் போடக்கூடாது.

கோமாளி மீன் வெயிலில் சுருங்கும் என்று நண்பன் சொல்கிறான். நம்பலாமா?
– மாணவர், முலுண்ட்

நம்பலாம். பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் 2023 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, வெப்ப அலை நேரத்தில், 134 கோமாளி மீன்களை மாதம் ஒருமுறை பிடித்து அளந்து விட்டார்கள். ஒவ்வொரு மீனின் வரியும் வேறு வேறு என்பதால் அடையாளம் தப்பாது. 100 மீன்கள் நீளத்தில் குறைந்திருந்தன. மெலிவது வேறு. இங்கே தலையிலிருந்து வால் வரையிலான நீளமே குறைந்தது. சின்ன உடம்புக்குத் தீனியும் ஆக்சிஜனும் கொஞ்சம் போதும். சுருங்கிய மீன்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடியது. ஜோடியில் இரண்டும் சேர்ந்து சுருங்கியபோது இன்னும் நன்றாகவே கூடியது.

ஜோடி ஏன் சேர்ந்து சுருங்க வேண்டும்? கோமாளி மீன் குடியிருப்பது கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல் உயிருக்குள். ஒரு சாமந்திக்குள் பெரிய மீன்தான் பெண், அடுத்த பெரியது அதன் ஆண், மற்றவை வரிசையில் காத்திருக்கும் சிறியவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும். யார் எவ்வளவு பெரிது என்பதில்தான் அந்த வீட்டின் ஒழுங்கே நிற்கிறது. ஒன்று மட்டும் சுருங்கி அளவு நெருங்கிவிட்டால் சண்டை வரும். தோற்றது வெளியேற வேண்டும். சாமந்திக்கு வெளியே கோமாளி மீனுக்கு ஆயுள் மிகக் குறைவு.

ஆனால் இந்த வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. தாகிட்டி பக்கத்து மூரியா தீவில் 2016இல் சாமந்திகள் வெளுத்தபோது, அவற்றில் குடியிருந்த ஜோடிகள் இட்ட முட்டை 73 சதவீதம் குறைந்தது. மீனின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறியிருந்தது. மீன் உயிரோடு, அதே வீட்டில்தான் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரிந்திருக்கும். 2023இல் செங்கடலின் நடுப்பகுதியில் மூன்று பார்களில் சாமந்திகளே பெருமளவு செத்துப்போயின. கோமாளி மீன்களில் 94 முதல் 100 சதவீதம் அழிந்தன.

200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், மூன்று டாம்செல். கோடையில் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகிறது. டாம்செல்கள் வெறி பிடித்ததுபோல் துரத்துகின்றன. பாரில் சண்டை குறைகிறது என்கிறீர்கள், தொட்டியில் ஏன் கூடுகிறது? கிராஃபர்ட் மார்க்கெட் கடையில் ஐஸ் போடச் சொன்னார்கள்.
– வாசகர், சயான்

நல்ல கேள்வி. பாரில் சூட்டோடு பட்டினியும் சேர்கிறது. உங்கள் தொட்டியில் தீனிக்குக் குறைவில்லை. சூடு மட்டும் தனியாக வேலை செய்கிறது. ஒரே நாளுக்குள் 3 டிகிரிக்கும் குறைவாக ஏறினாலே டாம்செல்லின் துணிச்சலும் முரட்டுத்தனமும் கூடும் என்பது சோதனையில் தெரிந்ததுதான். எல்லா மீனும் ஒரே அளவில் மாறுவதில்லை. ஒன்று ரவுடியாகும், இன்னொன்று கண்டுகொள்ளாது. இந்த வெறி முதல் கட்டம். அடுத்து செவுள் வேகமாக அடிக்கும், மீன் தண்ணீர் விழும் இடத்தில் வந்து நிற்கும், பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதுவரை விடாதீர்கள்.

முதலில் ஆக்சிஜன். வேவ்மேக்கரின் (தொட்டி நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) முகத்தை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். வெறும் திறப்பாக விட்டால் துரத்தப்படும் மீன் வெளியே குதிக்கும்.

அடுத்து ஃபேன். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று அடிக்கும்படி ஒன்றிரண்டு சிறிய ஃபேன். இதன் பலத்தைப் பலர் நம்புவதில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை ஐஸாக்கி 200 லிட்டர் தொட்டியில் மிதக்கவிட்டால், அது முழுவதும் உருகி முடிந்தும் சூடு அரை டிகிரிதான் இறங்கும். அதே தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 3 டிகிரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துப்போகும். அறையிலிருந்து சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் 2, 3 டிகிரிதான் நிற்கும். ஆனால் மும்பையில் மே கடைசியிலும் ஜூனிலும் ஈரப்பதம் கூடும்போது தண்ணீர் அதிகம் ஆவியாகாது, ஃபேன் சுற்றியும் பெரிய பயனிருக்காது. பெங்களூருவில் பலிப்பது மும்பையில் பலிக்காததற்கு அதுதான் காரணம். அந்த வாரங்களில் ஏசி போடுங்கள்.

ஃபேன் வைப்பவர்கள் தவறுவது ஒரே இடத்தில். ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளைக்கு 4 லிட்டர் போனால் 35 என்ற உப்பளவு (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) 35.7 ஆகும், மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 37ஐத் தாண்டும். ஆகவே குறைந்த அளவை தினமும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், உப்புக் கலந்த தண்ணீரால் இல்லை. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுத் திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுவது போதாது.

ஐஸை நேரடியாகப் போடவே வேண்டாம். உருகும் இடத்தில் மீனுக்குத் திடீர்க் குளிர்ச்சி, குழாய்த் தண்ணீர் ஐஸ் என்றால் குளோரின், உப்பளவும் இறங்கும். மூடிய பாட்டில் அவசரத்துக்கு மட்டும். எப்படியானாலும் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். 31இலிருந்து 27க்கு வர ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

விளக்கைப் பகலில் அணைத்து, இரவு 7 மணிக்கு மேல் போடுங்கள். ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, கோடையில் தண்ணீரை வேக வைத்த ஹீட்டர்கள் உண்டு. தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு போடுங்கள். மிஞ்சிய தீனி அம்மோனியா ஆகும். தண்ணீர் சூடாக இருந்தால் அதே அம்மோனியாவின் நச்சு கூடும். டாம்செல் சண்டைக்குப் பாறைகளின் இடத்தை மாற்றி அடுக்குங்கள். எல்லை அழிந்துபோவதால் சில நாட்கள் ஓயும்.

வருடா வருடம் 30ஐத் தாண்டுகிறது என்றால் சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதே நல்லது. 26 டிகிரிக்கு வைத்து, ஒரு டிகிரி இடைவெளியில் ஓடவிடுங்கள். ஆனால் அதை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். அது தொட்டியிலிருந்து எடுத்த சூட்டைப் பக்கத்திலேயே ஊதும். அடைத்தால் அதே சூட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உயிர்ப் பவளம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வீட்டுத் தொட்டி ஒன்றுக்காகப் பாரை உடைக்க வேண்டாம்.

சாசூன் டாக்கில் 'ராணி' என்று விற்கிறார்களே, நம்மூர்ச் சங்கரா, அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, ஆண்டாப் ஹில்

உண்டு, ஆனால் அது பாரில் ஒட்டி வாழும் மீன் அல்ல; சேற்று, மணல் தரை மீன். சென்னைக் கடலில் 1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை பார்த்ததில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முட்டையிடும் மீன்களின் பங்கு மெல்லச் சரிந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களில் கூடியது. இடத்தை மாற்றாமல் மாதத்தை மாற்றிக்கொண்டது. மீன்பிடித் தடைக்காலத்தைத் தீர்மானிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

சூட்டில் மீனுக்குப் பயமே போய்விடும், பெரிய மீனின் வாயில் தானே போய் விழும் என்று படித்தேன். சரியா?
– வாசகர், டோம்பிவிலி

இரண்டு விஷயங்களைக் கலந்து எழுதியிருப்பார்கள். கடல்நீர் அமிலமாவதால் மீனின் மோப்பம் கெட்டு, அது எதிரியின் வாசத்தையே நாடிப் போகும் என்று ஒரு காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2020இல் அதே சோதனைகளைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதை இனி உறுதியான செய்தியாகச் சொல்லக்கூடாது. செத்த பவளத்தின் நடுவே சில டாம்செல் வகைகளுக்கு, அடிபட்ட மீன் விடும் எச்சரிக்கை வாசம் சரியாக எட்டுவதில்லை என்பது வேறு விஷயம். பாசி படர்ந்த எலும்புக்கூட்டின் வாசம் அதை மறைத்துவிடுகிறது. இங்கே கெட்டது வீடு, மீனின் மூளை இல்லை.

இதையெல்லாம் பார்க்க அந்தமான் போக வசதியில்லை. மும்பையிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?
– மாணவி, வடாலா

முடியும். ஹாஜி அலி, வொர்லி பாறைகளில் பவளம் உண்டு. கடற்கரைச் சாலைப் பணிக்காக 2020இல் அங்கிருந்து சில பவளங்களைப் பெயர்த்து கொலாபா கரையில் வைத்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றின்போது கடல் நன்றாக இறங்கும். மும்பையின் கடலோர உயிர்களைப் பதிவு செய்யும் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழுவினர் கரை நடை நடத்துகிறார்கள். முதல் முறை அப்படிக் கூட்டத்தோடு போங்கள்.

வற்று முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைக் குட்டைக்கு வந்துவிடுங்கள். ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு போதும். உள்ளங்கை அகலக் குட்டையை விட முழங்கால் ஆழக் குட்டை நல்லது. நிழல் விழாமல் உட்கார்ந்து, பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் அடியில் ஒட்டிய சின்னக் கோபி மீன்கள் வெளியே வரும். ஒரு மீனின் செவுள் 30 விநாடியில் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணி, பக்கத்தில் தண்ணீரின் சூட்டை எழுதுங்கள். கால் மணிக்கு ஒரு முறை இதையே செய்யுங்கள். வெயில் ஏற ஏற இரண்டு எண்களும் சேர்ந்து ஏறுவதை நோட்டில் பார்க்கலாம். மீனைக் கையால் எடுக்க வேண்டாம், கல்லைப் புரட்டினால் அதே பக்கமாகத் திரும்ப வையுங்கள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். மும்பையில் ஏற்றம் வேகமாக வரும்.